தசையின் சாவியைக் கண்டவர்

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும் பெண்ணின் கையையும், மண்வெட்டி பிடித்து வரப்பு கழிக்கும் உழவனின் தோளையும் பாருங்கள். தோலுக்கு அடியில் தசை திரண்டு எழுகிறது, மறுகணம் அடங்குகிறது. நடப்பதும், பேசுவதும், கண் சிமிட்டுவதும்கூடத் தசையின் தொழில்தான். மனித உடலின் எடையில் ஏறக்குறைய 100க்கு 40 பங்கு, எலும்போடு ஒட்டி நின்று உழைக்கும் இந்தத் தசையே.

இந்தத் தசை எங்கிருந்து வந்தது? தாயின் வயிற்றில் ஒரே ஓர் உயிரணுவாகத்தான் மனிதன் தொடங்குகிறான். அந்த ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, கடைசியில் கோடானுகோடியாகப் பெருகுகிறது. அவற்றில் சில தசையாகின்றன, சில நரம்பாகின்றன, வேறு சில ஈரலாகவும் தோலாகவும் ஆகின்றன. ஆனால் இவை எல்லாவற்றுக்குள்ளும் இருக்கும் மரபணுக்கள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒரே பாடப் புத்தகத்தைப் படித்த பிள்ளைகளில் ஒருவன் தச்சனாகவும் மற்றொருவன் வைத்தியனாகவும் ஆவதுபோல இது நடக்கிறது. அப்படியானால் ஓர் உயிரணுவைத் தசையாகும்படி ஏவுவது யார்? அந்தக் கட்டளை எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

நெடுங்காலம் விஞ்ஞானிகளை மலைக்க வைத்த இந்தக் கேள்விக்கு 1987-ம் ஆண்டில் ஒரு விடை கிடைத்தது. அந்த விடையைத் தேடிக் கண்ட கூட்டத்துக்குத் தலைவராக இருந்தவர் ஹரோல்ட் வைன்ட்ராப் என்ற அமெரிக்கர். ஹால் என்பது அவருக்கு வழங்கிய சுருக்கப் பெயர். உயிரியல் உலகம் முழுவதும் அறிந்த அந்த மேதை, 50 வயதை எட்டும் முன்பே மறைந்து போனார்.

கோழிக் கருவில் தொடங்கிய படிப்பு

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், நியூ ஜெர்ஸி மாநிலத்தில் நெவார்க் என்ற தொழில் நகரம் இருக்கிறது. 1945-ம் ஆண்டு ஜூன் மாதம் 2-ந் தேதி ஹால் வைன்ட்ராப் அங்கே பிறந்தார். ஹார்வர்ட் சர்வகலாசாலையில் படித்து 1967-ல் பட்டம் பெற்றார். பின்பு பிலடெல்பியா நகரில் உள்ள பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் சேர்ந்து, வைத்தியப் பட்டம், ஆராய்ச்சிப் பட்டம் ஆகிய இரண்டையும் பெற்றார். நாடி பிடித்துப் பார்த்துப் பொருள் சேர்க்கும் வழி அவருக்குத் திறந்தே இருந்தது. அவரோ ஆய்வுக்கூடத்தைத் தேர்ந்துகொண்டார்.

பிலடெல்பியாவில் அவருக்கு ஆசானாக வாய்த்தவர் ஹோவர்ட் ஹோல்ட்ஸர். தசை எவ்வாறு உருவாகிறது என்பதையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர் அவர். அடைகாத்த கோழி முட்டையை உடைத்து, உள்ளே இருக்கும் கருவிலிருந்து இளம் தசையணுக்களை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பார்கள். முதலில் அவை தனித்தனி அணுக்களாகப் பெருகிக்கொண்டே போகும். பிறகு பெருகுவதை நிறுத்தும். அருகருகே வரிசையாக நின்று ஒன்றோடொன்று கலந்து நீண்ட இழைகளாக மாறும். சில நாட்களில், உடல் என்று ஒன்று இல்லாமலே, அந்த இழைகள் தட்டிலேயே துடிக்கத் தொடங்கும்!

இந்த அதிசயத்தைக் கண்ணாரக் கண்ட இளைஞர் வைன்ட்ராப், தம் பட்டத்துக்கென எடுத்துக்கொண்டது கோழிக் கருவின் சிவப்பு ரத்த அணுக்களை. ஆனால் கேள்வி ஒன்றுதான். ரத்த அணு எப்போது ரத்த அணு ஆகிறது? அதற்கு முன்பு அது என்னவாக இருந்தது? இந்தக் கேள்வி கடைசிவரை அவரை விடவில்லை.

பூட்டிய அறையும் திறந்த அறையும்

பட்டம் பெற்றபின் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் சில காலம் ஆராய்ச்சி செய்தார். பின்னர் நாடு திரும்பி, பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் ஆசிரியரானார். அங்கேதான் அவருடைய முதல் பெரிய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது.

டி.என்.ஏ. என்னும் நூல் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் புரதங்களின் மேல் சுற்றி, மடித்து, அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. மரபணுக்கள் எல்லாம் அந்த நூலில்தான் உள்ளன. மனிதனின் சிவப்பணுவில் உட்கரு இல்லை. பறவைகளின் சிவப்பணுவில் உண்டு. ஆகவே கோழியின் சிவப்பணு இந்த ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது. வைன்ட்ராபும் மார்க் குரூடின் என்ற இளம் ஆராய்ச்சியாளரும் கோழிச் சிவப்பணுவின் உட்கருவை எடுத்து, டி.என்.ஏ.யை அரித்து வெட்டும் நொதி ஒன்றைச் சிறிது நேரம் அதன்மேல் செயல்பட விட்டார்கள்.

விளைவு வியப்பாக இருந்தது. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் புரதத்தின் மரபணு, அந்த நொதிக்கு முதலில் இரையாயிற்று. ரத்தத்தோடு சம்பந்தமில்லாத வேறு உயிரணுக்களிலோ அதே மரபணு எளிதில் வெட்டுப்படவில்லை. அதாவது, ஓர் உயிரணு தன் தொழிலுக்கு வேண்டிய மரபணுக்களை மட்டும் அவிழ்த்துத் தளர்வாக வைத்திருக்கிறது. வேண்டாதவற்றை இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறது. பெரிய மாளிகையில் எல்லா அறைகளும் இருந்தாலும், புழங்கும் அறைகள் மட்டும் திறந்திருக்கும் அல்லவா? அதைப் போலத்தான் இதுவும். 1976-ல் வெளிவந்த இந்தக் கண்டுபிடிப்பு, 31 வயது நிரம்பிய அந்த இளைஞரை உலகறியச் செய்தது.

பூட்டிய அறை எது, திறந்த அறை எது என்று தெரிந்துவிட்டது. ஆனால் திறந்தது யார்? சாவி யாரிடம் இருக்கிறது? அது தெரியவில்லை.

ஸியாட்டில் நகரில்

1978-ல் வைன்ட்ராப் நாட்டின் மறு கோடியில், மேற்குக் கரையில் உள்ள ஸியாட்டில் நகருக்குக் குடிபெயர்ந்தார். பிரெட் ஹட்சின்ஸன் என்ற புகழ்பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர் நுரையீரல் புற்றுநோயால் 1964-ல் இறந்தார். வைத்தியரான அவருடைய தமையனார் தம்பியின் பெயரில் அங்கே ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியிருந்தார். அதன் அடிப்படை விஞ்ஞானப் பிரிவைத் தொடக்கத்திலிருந்தே கட்டி எழுப்பியவர்களில் வைன்ட்ராப் ஒருவர்.

தசைக்கும் புற்றுநோய்க்கும் என்ன உறவு என்று கேட்கலாம். நெருங்கிய உறவு உண்டு. தசையாக முதிர வேண்டிய அணு, முதலில் பெருகுவதை நிறுத்தியாக வேண்டும். பெருகிக்கொண்டே இருப்பது முதிராது, முதிர்ந்தது பெருகாது. முதிர மறந்து பெருகிக்கொண்டே போவதுதான் புற்றுநோயின் குணம். ஆகவே ஓர் உயிரணு எப்படி முதிர்கிறது என்று அறிந்தவனுக்கே, அது ஏன் முதிர மறுக்கிறது என்பதும் புலப்படும்.

மருந்து காட்டிய வழி

அந்நாளில் பீட்டர் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் விசித்திரமான செய்தி ஒன்றை வெளியிட்டிருந்தார்கள். எலிக் கருவிலிருந்து எடுத்து வளர்த்த சாதாரண நார் அணுக்களுக்கு அஸாஸைட்டிடின் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். சில நாட்களுக்குப் பிறகு அவற்றில் சில தசையாயின, சில கொழுப்பாயின, சில குருத்தெலும்பாயின! மரபணுக்களின்மேல் ஒட்டி அவற்றை அடக்கி வைக்கும் சிறு ரசாயன முத்திரைகளை அந்த மருந்து நீக்கிவிடுகிறது. முத்திரை உடைந்ததும், உறங்கிக் கிடந்த ஏதோ ஒன்று விழித்துக்கொள்கிறது.

விழித்துக்கொண்டது ஒரு மரபணுவா, நூறு மரபணுக்களா? தசைக்கு வேண்டிய புரதங்கள் எத்தனையோ. நூறும் தனித்தனியே விழிக்க வேண்டுமானால், தசையாகும் அணு லட்சத்தில் ஒன்றுகூட இராது. ஆனால் மாறிய அணுக்களோ ஏராளம். ஆகவே ஒன்றோ, மிகச் சிலவோதான் இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்லிற்று.

1986-ல் வைன்ட்ராபின் ஆய்வுக்கூடத்தில் ஆண்ட்ரூ லாஸர் என்பவரும் மற்றவர்களும் அந்தக் கணக்கைச் சோதித்தார்கள். மருந்தினால் தசை வழிக்கு வந்த அணுக்களின் டி.என்.ஏ.யை எடுத்து, மருந்தே படாத நார் அணுக்களுக்குள் செலுத்தினார்கள். அவற்றிலும் சில தசை வழிக்கு வந்தன. எத்தனைக்கு எத்தனை வந்தன என்று எண்ணிப் பார்த்தபோது, டி.என்.ஏ.யின் ஒரே இடத்தில்தான் அந்த ரகசியம் இருக்கிறது என்பது உறுதிப்பட்டது.

மிஞ்சிய மூன்று

இனி அந்த ஒன்றைக் கண்டெடுக்க வேண்டும். வைக்கோற் போரில் ஊசி தேடும் வேலை அது. ராபர்ட் டேவிஸ் என்ற இளைஞர் அதில் இறங்கினார்.

இரண்டு வீடுகளின் மளிகைப் பட்டியல்களை எடுத்துக்கொள்வோம். அரிசி, பருப்பு, உப்பு, புளி இரண்டிலும் இருக்கும். பொதுவானவற்றை எல்லாம் அடித்துவிட்டால், ஒரு வீட்டில் மட்டும் வாங்கும் பொருள் மிஞ்சும். அந்த வீட்டில் என்ன விசேஷம் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். ஓர் உயிரணுவில் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றனவோ, அவற்றின் நகல்கள் அதனுள் செய்தியாக உலவுகின்றன. இளம் தசையணுவின் செய்திகளிலிருந்து, நார் அணுவிலும் காணப்படும் செய்திகளை எல்லாம் கழித்தார்கள். மிஞ்சியவற்றைப் பல வகையில் சோதித்துச் சலித்தபோது, கடைசியில் மூன்று நின்றன.

மூன்றையும் தனித்தனியே நார் அணுக்களுக்குள் செலுத்தினார்கள். இரண்டு ஒன்றும் செய்யவில்லை. மூன்றாவது நுழைந்த இடத்தில் நார் அணுக்கள் தம் பழைய தன்மையை விட்டுத் தசையணுக்களாயின. மருந்து இல்லை, மந்திரம் இல்லை. ஒரே ஒரு மரபணு!

அதற்கு மயோ-டி என்று பெயரிட்டார்கள். 1987-ம் ஆண்டு டிசம்பரில் இந்தச் செய்தி வெளியானபோது உயிரியல் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஓர் உயிரணுவின் தலையெழுத்தை ஒரே மரபணுவால் மாற்றி எழுத முடியும் என்பதை அதுவரை எவரும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. வைன்ட்ராபுக்கு அப்போது வயது 42.

அவர் அதோடு நிற்கவில்லை. நார் அணு தசைக்கு நெருங்கிய உறவு. தொலைவில் உள்ளவை என்ன செய்யும்? 1989-ல் தோலுக்கு நிறம் தரும் அணுக்களுக்குள்ளும், நரம்பு, கொழுப்பு, ஈரல் ஆகியவற்றிலிருந்து வந்த அணுக்களுக்குள்ளும் மயோ-டியைச் செலுத்திப் பார்த்தார். அங்கேயும் தசையின் மரபணுக்கள் விழித்தன. ஆனால் எல்லா அணுக்களும் முழுத் தசையாக மாறிவிடவில்லை. சாவி ஒன்றாயினும், சில வீடுகளில் கதவு இன்னும் இறுக்கமாக இருந்தது.

சண்டி மாடு

இங்கே ஒரு புதிர் எழுந்தது. கோழிக் கருவின் தட்டில் பார்த்தோமே, அந்த இளம் தசையணுக்கள் பெருகிக்கொண்டிருக்கும்போதே அவற்றுள் மயோ-டி இருக்கிறது. சாவி கையில் இருந்தும் அவை ஏன் உடனே தசையாக முதிர்வதில்லை?

மயோ-டி மரபணு உண்டாக்கும் புரதம் தனியே வேலை செய்வதில்லை. வேறொரு புரதத்தோடு ஜோடி சேர்ந்தே அது டி.என்.ஏ.யைப் பற்றுகிறது. இரட்டை மாட்டு வண்டிபோல, இரண்டும் சேர்ந்து இழுத்தால்தான் வண்டி நகரும். 1990-ல் வைன்ட்ராபின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் பெனஸ்ரா மூன்றாவது புரதம் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஐ-டி என்பது அதன் பெயர். அது சண்டி மாடு! நுகத்தில் கழுத்தைக் கொடுத்துவிடும், ஆனால் டி.என்.ஏ.யைப் பற்றும் பகுதி அதற்கு இல்லாததால் இழுக்காது. நல்ல மாட்டுக்குரிய ஜோடியை அது பிடித்து வைத்துக்கொள்வதால் வண்டி நின்றுவிடுகிறது. உயிரணுவுக்கு வளர்ச்சிச் சத்து நிறையக் கிடைக்கும்வரை ஐ-டி மிகுந்திருக்கும். சத்து குறைந்ததும் அது விலகும். அப்போதுதான் மயோ-டி தன் துணையோடு சேர்ந்து தசையின் மரபணுக்களை ஒவ்வொன்றாக எழுப்பும்.

பெருகுவதா, முதிர்வதா என்ற அந்தப் பழைய கேள்விக்கு இவ்வாறு ஒரு விடை கிடைத்தது. இதைக்கொண்டு வைன்ட்ராபும் அவருடைய சகாக்களும் குழந்தைகளைத் தாக்கும் ஒரு புற்றுநோயை ஆராய்ந்தார்கள். ராப்டோமயோசார்க்கோமா எனப்படும் அந்தக் கட்டியின் அணுக்களில் மயோ-டி இருக்கிறது. ஆயினும் அவை தசையாக முதிராமல் பெருகிக்கொண்டே போகின்றன. மயோ-டிக்கு அங்கே கிடைக்க வேண்டிய துணை ஏதோ குறைந்திருக்கிறது என்பதை 1993-ல் அவர்கள் எடுத்துக் காட்டினார்கள்.

உடன்பிறந்தார் நால்வர்

இதற்கிடையில் மற்ற ஆய்வுக்கூடங்களும் முனைந்து, மயோ-டிக்கு மூன்று உடன்பிறப்புகள் இருப்பதைக் கண்டன. மிப்-5, மயோஜெனின், எம்.ஆர்.எப்-4 என்பன அவை.

1992-ல் ஒரு செய்தி வந்தது. மயோ-டி மரபணுவே இல்லாத எலிக்குட்டிகளைப் பிறக்கச் செய்து பார்த்தபோது, அவை நல்ல தசையோடு ஓடியாடின! அப்படியானால் மயோ-டி தேவையே இல்லையா? வைன்ட்ராபின் வாழ்நாள் உழைப்புக்கு அது ஒரு சோதனையாகத் தோன்றிற்று. ஆனால் மறு ஆண்டே விளக்கம் கிடைத்தது. மயோ-டி, மிப்-5 இரண்டும் இல்லாத குட்டிகளுக்கு எலும்போடு ஒட்டிய தசையே உண்டாகவில்லை. பிறந்த உடனே அவை மடிந்தன. அண்ணன் இல்லாத வீட்டில் தம்பி பொறுப்பை ஏற்பதுபோல, ஒன்று இல்லாவிட்டால் மற்றொன்று அந்த இடத்தில் நின்றிருக்கிறது. மயோஜெனின் இல்லாத குட்டிகளிலோ இளம் தசையணுக்கள் உண்டாயின. ஆனால் சரிவர இழையாகச் சேரவில்லை. வழியைக் காட்டுவது இரண்டு. வழியை முடித்துவைப்பது இன்னொன்று. இயற்கை இத்தனை முக்கியமான வேலையை ஒருவரிடம் மட்டும் ஒப்படைப்பதில்லை என்பது தெளிவாயிற்று.

1994-ல் மயோ-டிப் புரதம் டி.என்.ஏ.யை எப்படிக் கவ்விப் பிடிக்கிறது என்பதைப் படமாகவே எடுத்துக் காட்டிய கூட்டத்திலும் வைன்ட்ராப் இருந்தார்.

முடியாத வேலை

தசைக்கு ஒரு சாவி இருந்தால் நரம்புக்கும் ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? வைன்ட்ராபின் கூட்டத்தார் அதைத் தேடினார்கள். மயோ-டியைப் போன்ற அமைப்புடைய மற்றொரு மரபணு அகப்பட்டது. அதற்கு நியூரோ-டி என்று பெயர் வைத்தார்கள். தவளைக் கருவில் அதைச் செலுத்தியபோது, மேல்தோலாக வேண்டிய அணுக்கள் நரம்பணுக்களாக மாறின.

அந்த ஆராய்ச்சி முடிவுக்கு வரும் காலத்தில்தான் விதி குறுக்கிட்டது. வைன்ட்ராபின் மூளையில் கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய கட்டி தோன்றியிருந்தது. மூளையின் நரம்புகளுக்குத் துணையாக நிற்க வேண்டிய அணுக்களின் இனத்தைச் சேர்ந்தவை, தம் கடமையை மறந்து பெருகும் நோய் அது. எந்தக் குற்றத்தை அவர் வாழ்நாள் முழுவதும் உயிரணுக்களில் துப்பறிந்தாரோ, அந்தக் குற்றமே அவர் தலைக்குள் நிகழ்ந்தது. புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் 17 ஆண்டுகள் உழைத்தவரைக் காக்க, அன்றைய வைத்தியத்தால் முடியவில்லை.

1995-ம் ஆண்டு மார்ச் மாதம் 28-ந் தேதி ஹால் வைன்ட்ராப் காலமானார். 50 வயது நிறைய இரண்டு மாதங்களே இருந்தன. மனைவியையும் இரு புதல்வர்களையும் விட்டுச் சென்றார். நியூரோ-டியைப் பற்றிய கட்டுரை மே மாதத்தில் அச்சேறிய போது, அதன் ஆசிரியர் பட்டியலில் கடைசியாக நின்றது, மறைந்துவிட்ட அவருடைய பெயர்.

விதைத்தவர் போனபின்

அவர் விதைத்தது வீண் போகவில்லை. ஜப்பானில் ஷின்யா யாமனாக்கா 2006-ல் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, முதிர்ந்த எலி அணுக்களைக் கருவின் தொடக்க நிலைக்குத் திருப்பினார். ஒரு மரபணுவால் அணுவின் தலையெழுத்தை மாற்றலாம் என்று மயோ-டி காட்டிய வழி, அவருக்கு ஊக்கம் தந்தவற்றுள் ஒன்று. அந்த வேலைக்காக யாமனாக்கா 2012-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இன்று ஒரு குழந்தையின் உடலில் கட்டி தோன்றினால், அது தசை இனத்தைச் சேர்ந்த புற்றுநோயா என்று அறிய, அதில் ஒரு துணுக்கை எடுத்து மயோ-டி இருக்கிறதா என்று வைத்தியர்கள் சோதிக்கிறார்கள். அதைக்கொண்டு எந்தச் சிகிச்சை என்பதை முடிவு செய்கிறார்கள். வைன்ட்ராப் கண்ட சாவி இவ்வாறு ஆஸ்பத்திரிகளில் தினசரி உபயோகத்துக்கு வந்துவிட்டது. காயம்பட்ட தசை தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்ளும்போதும், இழைகளின் ஓரத்தில் உறங்கும் சேம அணுக்கள் விழித்து மயோ-டியை எழுப்புகின்றன என்பதும் பின்னர் விளங்கியது.

ஸியாட்டில் ஆராய்ச்சி நிலையம் 2000-ம் ஆண்டு முதல் அவர் பெயரால் ஒரு பரிசை வழங்கி வருகிறது. அது பெரிய விஞ்ஞானிகளுக்கு அல்ல, இன்னும் பட்டம் பெறாத இளம் ஆராய்ச்சி மாணவர்களுக்கு. கோழிக் கருவின் முன் உட்கார்ந்து, இது எப்போது இதுவாயிற்று என்று கேட்ட ஒரு மாணவரின் நினைவுக்கு அதுவே தகுந்த காணிக்கை.

தாயின் வயிற்றுக்குள் குழந்தை முதன்முதலாக உதைக்கும்போது வீடே பூரிக்கிறது. அந்தப் பிஞ்சுக் காலின் தசை உண்டாவதற்கு முன்பே, கருவின் முதுகுப்புறத்தில் மணி கோத்தாற்போல் வரிசையாக நிற்கும் சிறு திரள்களில், மயோ-டியும் அதன் உடன்பிறப்புகளும் விழித்திருக்கும். அந்த விழிப்பை மனிதன் அறியும்படி செய்தவர் ஹால் வைன்ட்ராப்.